ஆப்பிரிக்க அரசுகளின் கணக்கு: பணம் எந்தப் படியில் நழுவுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நாடுகளின் அரசு நிதி பற்றி நம் நாளிதழ்களில் செய்தி வருவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒரு நாடு கடன் தவணை கட்ட முடியாமல் கைவிரிக்கும்போது, அல்லது ஒரு முன்னாள் அமைச்சர் கைதாகும்போது. எவ்வளவு பணம், யார் சிக்கினார் என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். பணம் எந்தப் படியில், யாருடைய மேசையில் நழுவியது என்பது இருக்காது. அதனால் 'அங்கெல்லாம் அப்படித்தான்' என்ற எண்ணம் மட்டும் வாசகர் மனதில் தங்கிவிடுகிறது. அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஓட்டை எங்கே விழுந்தது, அதை எப்படி அடைத்தார்கள், அடைத்த இடம் மறுபடி எப்படித் திறந்தது என்பதற்கு அங்கேயே தெளிவான ஆவணங்கள் உள்ளன. இந்திய எக்சிம் வங்கி வழியாக நம் அரசு தரும் கடனுதவி மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளுக்கும் போயிருக்கிறது. ஆகவே நமக்குத் தொடர்பில்லாத விஷயமும் அல்ல.

முதலில் உகாண்டா. அந்தக் கதையில் நாளிதழ்களுக்கே ஒரு பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அந்த அரசு மானியம் ஒதுக்கியது. சம்பளம் தவிர்த்த செலவுகளுக்கான பணம் அது. பட்ஜெட்டில் ஒதுக்கீடு இருந்தது. மாவட்டங்களுக்குப் பணமும் போனது. மத்திய ஏட்டைப் பார்த்தால் எல்லாம் சரி. 1996இல் ஆய்வாளர்கள் 250 பள்ளிகளுக்கு நேரில் போய், பள்ளியில் வரவு வைத்த தொகையை மேலிருந்து அனுப்பிய தொகையோடு ஒப்பிட்டார்கள். 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசுகூட வரவில்லை. மிச்சம் மாவட்ட அளவிலேயே வேறு காரியங்களுக்குப் போனது. பெற்றோர் ஏன் கேட்கவில்லை என்றால், அப்படி ஒரு மானியம் வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசே நாளிதழில் வெளியிட்டது. பள்ளிகளும் வந்த தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளை எட்டியது. இதை முழுக்க நாளிதழின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. 1997இல் அனைவருக்கும் இலவசத் தொடக்கக் கல்வி வந்தது; கூடவே கண்காணிப்பும் இறுகியது. ஆனாலும் நாளிதழ் விற்கும் இடத்துக்கு அருகில் இருந்த பள்ளிகளுக்குப் பணம் கூடுதலாக வந்து சேர்ந்ததை ஆய்வாளர்கள் தனியே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதைப் பல நாடுகள் நகல் எடுத்தன. பல இடங்களில் பலிக்கவில்லை. மாவட்டத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று வெளியிட்டால் எந்தப் பெற்றோருக்கும் பயன் இல்லை. பள்ளியின் பெயர், மாணவர் எண்ணிக்கை, தலைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் விடுவித்தது, எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற ஐந்தும் ஊர்க்காரர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். அமைச்சக இணையதளத்தின் ஒரு மூலையில் ஸ்கேன் செய்து போட்டுவிட்டு 'வெளியிட்டுவிட்டோம்' என்பது வெறும் கண்துடைப்பு.

அதே உகாண்டாவில் 2012இல் இன்னொன்று நடந்தது. போரால் சீரழிந்த வடபகுதியின் மறுசீரமைப்புக்கு அயர்லாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகள் தந்த பணத்தில் சுமார் 1.2 கோடி யூரோ, பிரதமர் அலுவலகத்தின் வேறு கணக்குகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. கண்டுபிடித்தது அந்த நாட்டின் சொந்தத் தணிக்கைத் துறைதான். அயர்லாந்தின் பங்கான 40 லட்சம் யூரோவை உகாண்டா திருப்பித் தந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டும் தாள் கருவூலத்துக்குள் நடப்பதைத் தடுக்காது என்பது அப்போது தெரிந்தது. அங்கே வேறு பூட்டு வேண்டும்.

அந்தப் பூட்டுகளில் ஒன்று கருவூல ஒற்றைக் கணக்கு; அதாவது எல்லாத் துறைகளின் பணத்தையும் மத்திய வங்கியில் ஒரே கணக்கின் கீழ் வைப்பது. ஒவ்வொரு துறையும் தன் பெயரில் வணிக வங்கிகளில் கணக்கு வைத்திருந்தால், மொத்தம் எத்தனை கணக்கு, எதில் எவ்வளவு இருப்பு என்பது நிதியமைச்சருக்கே தெரியாது. துறைகளின் பணம் வங்கியில் சும்மா கிடக்கும். அதே வங்கி அந்தப் பணத்தை அரசின் கருவூலப் பத்திரங்களில் போடும். அரசு தன் பணத்தையே வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கும். உகாண்டா 2013இல் ஒற்றைக் கணக்குக்கு மாறத் தொடங்கி, 2015இல் புதிய நிதி மேலாண்மைச் சட்டமும் கொண்டுவந்தது. நைஜீரியா 2015 செப்டம்பர் 15ஐக் கெடுவாக வைத்து மத்திய அரசுத் துறைகளின் கணக்குகளை மத்திய வங்கிக்கு மாற்றியது.

இதிலும் தவறும் இடங்கள் உண்டு. உதவி தரும் நாடுகள் தங்கள் திட்டத்துக்குத் தனிக் கணக்கு கேட்கும். அரசு நிறுவனங்கள் தங்களுக்கு விலக்கு கேட்கும். இரண்டுக்கும் இடம் கொடுத்தால் ஒற்றைக் கணக்கு என்பது பெயரளவில்தான். மறுபுறம், மாவட்ட மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் டீசல் வாங்கக்கூட தலைநகரிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றால், அந்த அலுவலகம் பழைய கணக்கை ரகசியமாகத் தொடரத்தான் பார்க்கும். அன்றாடச் செலவுக்கு உச்சவரம்புடன் ஒரு முன்பணத்தை அவர்கள் கையில் விட்டுவைத்து, பழைய செலவின் ரசீதுகளைக் காட்டினால்தான் அடுத்த தொகை என்று வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இப்போது மலாவி. என் பார்வையில் ஆப்பிரிக்க அரசுக் கணக்கில் அதிகம் கற்றுத் தரும் நிகழ்வு 2013இல் அங்கே வெடித்த 'கேஷ்கேட்' ஊழல்தான். அரசின் செலவு முழுவதும் கணினிமயமாகியிருந்தது. ஒருங்கிணைந்த நிதி மேலாண்மை மென்பொருள், துறைதோறும் பாஸ்வேர்டு, அனுமதிப் படிகள் என எல்லாமே இருந்தன. நடந்தது இதுதான்: எந்தப் பொருளும் தராத நிறுவனத்தின் பெயரில் மென்பொருளில் பில் ஏறும், காசோலை அச்சாகும், காசோலை வெளியே போனதும் அந்தப் பதிவையே மென்பொருளிலிருந்து அழித்துவிடுவார்கள். துறையின் ஏட்டில் அப்படி ஒரு செலவே இருக்காது. ஒதுக்கீடும் குறைந்ததாகக் காட்டாது. அந்த செப்டம்பரில் பட்ஜெட் இயக்குநர் சுடப்பட்ட பிறகுதான் நாடே விழித்தது. பிரிட்டன் நிதியுதவியுடன் நடந்த தடயவியல் தணிக்கை, 2013 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தை மட்டும் பார்த்து, சுமார் 1,367 கோடி குவாச்சா முறைகேடாகப் போனதாகச் சொன்னது. உதவி நாடுகள் பட்ஜெட்டுக்கு நேரடியாகத் தந்த பணத்தை நிறுத்தின. அதன் வலியைத் தாங்கியவர்கள் மருந்தில்லாத சுகாதார நிலையங்களுக்கு வந்த ஏழைகள்.

பதிவை ஏட்டில் அழிக்கலாம். வங்கியில் அழிக்க முடியாது. காசோலை பணமாகும்போது மலாவி ரிசர்வ் வங்கியின் ஏட்டில் பற்று விழுந்தே தீரும். மாதம் முடிந்ததும் வங்கி ஏட்டை எடுத்து, ஒவ்வொரு பற்றையும் ரொக்கப் புத்தகத்தோடு டிக் அடித்துக்கொண்டே வந்தால், 'வங்கியில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை' என்ற பட்டியலில் அந்தக் காசோலைகள் வரிசையாக வந்து நின்றிருக்கும். நாம் வீட்டில் பாஸ்புக்கை செலவு நோட்டோடு வைத்துப் பார்ப்பதுபோன்ற வேலைதான். அதை ஒழுங்காகச் செய்யாததால்தான் மாதக்கணக்கில் ஓடியது.

இந்த ஒப்பீட்டைச் செய்வதிலும் ஏமாற்று உண்டு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். காசோலையைத் தயாரித்தவரும் ஒப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வங்கி ஏடு, துறையின் கை வழியே வராமல் நேராகத் தலைமைக் கணக்கருக்குப் போக வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஒரு பக்கம் கூடுதலும் இன்னொரு பக்கம் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒப்பாத ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே தேதி, காரணம், தீர்க்க வேண்டியவர் பெயர் மூன்றும் வேண்டும். பெரிய ஆபத்து தற்காலிகக் கணக்கு. வித்தியாசம் வந்தால் அதைத் தூக்கி அங்கே போட்டுவிட்டு 'ஒப்பிட்டாயிற்று' என்று கையெழுத்துப் போடுவார்கள். பல ஆண்டுப் பாக்கி அங்கே குவிந்து கிடக்கும். உலக அளவில் அரசுகளின் நிதி நிர்வாகத்தை மதிப்பிடும் 'பெஃபா' அளவுகோலில், வாரந்தோறும் ஒப்பிட்டு ஒரு வாரத்துக்குள் முடித்தால்தான் இந்த இனத்தில் 'ஏ' கிடைக்கும். மென்பொருளிலும் ஒரே ஒரு விதி போதும்: பதிவை அழிக்கும் வசதி யாருக்கும் இருக்கக் கூடாது. தவறென்றால் எதிர்ப்பதிவு போட்டுத் திருத்தட்டும். பழையது அங்கேயே இருக்கட்டும்.

நிலுவை பில்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கென்யாவில் 'பெண்டிங் பில்' என்பது அன்றாடப் பேச்சு. வருமானத்தை மிகையாகக் கணித்து பட்ஜெட் போடுவார்கள். பணம் வராதபோது கருவூலம் மாதாமாதம் கொஞ்சமாக விடுவிக்கும். துறைகளோ முழு ஒதுக்கீட்டை நம்பி மென்பொருளுக்கு வெளியே தாளில் ஆர்டர் கொடுத்துவிடும். பில் வந்த பிறகு கட்டுப்பாடு போட்டுப் பயனில்லை. ஆர்டர் கொடுக்கும் நேரத்திலேயே ஒதுக்கீட்டிலிருந்து அந்தத் தொகையைக் கழித்து, மென்பொருள் எண் இல்லாத ஆர்டருக்கு அரசு பொறுப்பல்ல என்று ஒப்பந்ததாரர்களிடமே முன்கூட்டி அறிவித்துவிட வேண்டும்.

தணிக்கைக்கு வருவோம். அறிக்கை தருவதோடு தணிக்கையாளரின் வேலை முடிந்தால், அடுத்த ஆண்டும் அதே பத்தி அதே வாசகத்தோடு வரும். கானாவின் 1992 அரசியலமைப்பில் 187ஆம் பிரிவு, சட்டவிரோதச் செலவை ஏற்க மறுத்து, செலவழித்தவரிடமே வசூலிக்கும் அதிகாரத்தைத் தலைமைத் தணிக்கையாளருக்குத் தந்திருந்தது. காலங்காலமாக யாரும் பயன்படுத்தவில்லை. 'ஆக்குபை கானா' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. அது விருப்பம் அல்ல, கடமை என்று 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 இறுதிக்குள் 6.7 கோடி சேடிக்கு மேல் வசூலானது. தென்னாப்பிரிக்காவில் 2019 ஏப்ரல் முதல் தணிக்கையாளர், பெரும் இழப்பு தரும் முறைகேட்டைக் கண்டால் துறைத் தலைவருக்கு நோட்டீஸ் கொடுத்து, நடவடிக்கை இல்லையென்றால் கட்டுப்படுத்தும் உத்தரவு போட்டு, கடைசியில் இழப்பை அவரே கட்ட வேண்டும் என்று அந்த அதிகாரியின் பெயரிலேயே கடன் சான்றிதழ் வழங்கலாம்.

அதிகாரம் கூடும்போது அதிகாரியைக் குறிவைப்பதும் கூடுகிறது. கானாவில் அந்தத் தணிக்கையாளரை 2020இல் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2023 மே. அவர் ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்தார். சியரா லியோனில் எபோலா நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே நிவாரணச் செலவைத் தணிக்கை செய்து, சுமார் 1,400 கோடி லியோனுக்கு முறையான ஆவணம் இல்லை என்று 2015 பிப்ரவரியில் துணிந்து சொன்னவர் தலைமைத் தணிக்கையாளர் லாரா டெய்லர்-பியர்ஸ். 2021 நவம்பரில் அவரை இடைநீக்கம் செய்தார்கள். பதவி நீக்க முறை மட்டுமல்ல, விடுப்பும் இடைநீக்கமும்கூட நாடாளுமன்றத்தின் கையில் இருந்தால்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைப்பார்கள்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பட்ஜெட்டிலேயே வராத அரசு உத்தரவாதம்; அதாவது கடன் வாங்கிய நிறுவனம் கட்டாவிட்டால் அரசே கட்டும் என்ற வாக்குறுதி. மொசாம்பிக்கில் 2013, 2014இல் மூன்று அரசு நிறுவனங்கள் வெளிநாட்டு வங்கிகளிடம் கடன் வாங்கின: கடலோரக் கண்காணிப்புக்கு 62.2 கோடி டாலர், சூரை மீன்பிடிக் கப்பல்களுக்கு 85 கோடி, கப்பல் பழுதுபார்ப்புத் தளத்துக்கு 53.5 கோடி. நிதியமைச்சர் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டார். நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லை. முழு விவரம் 2016 ஏப்ரலில் வெளிவந்ததும் ஐ.எம்.எஃப். உதவி நின்றது, 2017 ஜனவரியில் தவணை தவறியது. அந்தக் கடனில் 50 கோடி டாலர் எப்படிச் செலவானது என்பதற்குக் கணக்கே இல்லை என்று சர்வதேசத் தணிக்கை சொன்னது. உத்தரவாதங்களின் பதிவேட்டைக் காலாண்டுக்கொரு முறை வெளியிட்டு, பதிவேட்டில் இல்லாத உத்தரவாதம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், கடன் கொடுக்கும் வங்கியே முதலில் பதிவேட்டைத் தேடும்.

எனவே என் வேண்டுகோள்: இனி இப்படிப்பட்ட செய்தி வரும்போது, வங்கி ஒப்பீடு கடைசியாக எந்த மாதம் வரை முடிந்திருந்தது, உத்தரவாதம் நாடாளுமன்றத்துக்கு வந்ததா, தணிக்கை அறிக்கை எப்போது வந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இவை பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் தணிக்கை அறிக்கைகளிலேயே இருக்கும். கென்ய அரசியலமைப்பின் 229ஆம் பிரிவு, ஜூனில் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை அறிக்கை வர வேண்டும், அதன்பின் மூன்று மாதத்துக்குள் நாடாளுமன்றம் விவாதித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. டிசம்பர் 31, மார்ச் 31 என்ற அந்த இரண்டு தேதிகளையும் உங்கள் சர்வதேசச் செய்திப் பிரிவு நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். தேதி தவறியது என்பதே ஒரு செய்திதான்.

இப்படிக்கு,
அரசுக் கணக்குத் தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
திருச்சிராப்பள்ளி