யார் முதுகில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தலையங்கத்தில் 'பெரிய கட்சிகளின் முதுகில் ஏறிக் கோட்டைக்குப் போகும் உதிரிக் கட்சிகள்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படியோர் உதிரிக் கட்சியில் நகரப் பொறுப்பில் இருப்பவன் நான். காலையில் டீக்கடையில் நாலு பேர் நடுவில் வைத்து எனக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். மிக்க நன்றி.

முதுகுக் கணக்கு தாங்கள் அறியாததல்ல. 1952-ல் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் பிடித்தது 152. ராஜாஜி ஆட்சி நடத்த, எங்கள் வட ஆற்காட்டையும் செங்கல்பட்டையும் நம்பியிருந்த காமன்வீல் கட்சியின் 6 பேரும் வேண்டியிருந்தது. மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். கட்சி காங்கிரசில் கரைந்துபோனது. இன்று ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் காமன்வீல் என்று கேட்டால் சீட்டுக் கம்பெனியா என்பார்கள்.

அவருக்காவது பதவி கிடைத்தது. 2006-ல் தி.மு.க.வுக்கு 96 இடம், தேவை 118. காங்கிரசின் 34 பேர் வெளியே நின்று தாங்கினார்கள். அமைச்சரவையில் ஒரு நாற்காலி கூட இல்லை. அப்போது யார் முதுகில் யார் ஏறியிருந்தார்கள் என்று எந்தத் தலையங்கமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வேலூரையே பாருங்கள். 2004-ல் காதர் மொகிதீன், 2009-ல் அப்துல் ரகுமான், இருவரும் முஸ்லிம் லீக்காரர்கள். நின்றது உதயசூரியனில். ஆள் அவர்களுடையவர், சின்னம் அடுத்தவருடையது. 2019-ல் ரத்தாகி ஆகஸ்டில் நடந்த தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. அதில் தோழமைக் கட்சிகளின் ஓட்டு எத்தனை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எந்தப் பெரிய கட்சி என்று சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கமும் இருந்து பார்த்தாகிவிட்டது, மரியாதையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கத்திரி வெயிலில் பூத் சிலிப் கொடுக்க எங்கள் பையன்கள் வேண்டும். பொதுக்கூட்டத்தன்று எங்கள் மாவட்டச் செயலாளருக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. கையில் மைக் வந்தபோது பத்து மணிக்கு ஐந்து நிமிடம். பத்துக்கு மேல் மைக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேடையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் உள்ளாட்சித் தேர்தலில் எங்களுக்கு ஒதுக்கிய வார்டில் அவர்கள் வட்டச் செயலாளரின் தம்பியே சுயேச்சையாக நின்றார். கேட்டதற்கு, 'தலைமைக்குத் தெரியாது, அனுசரித்துப் போங்கள் அண்ணே' என்றார்கள். அனுசரித்தோம். தோற்றோம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட்கள் 2010-ல் 57 இடங்களோடு கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தோள் கொடுத்தார்கள். கல்லூரிக் கட்டணம் உயர்ந்ததற்கான திட்டு முழுவதும் அவர்களுக்கு. 2015-ல் மிஞ்சியது 8. பெரியவர் தனிப் பெரும்பான்மையோடு போய்க்கொண்டே இருந்தார்.

தலையங்கத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் செய்தால் போதும். தங்கள் வேலூர்ப் பதிப்பில் கூட்டணிக் கூட்டச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் மாவட்டச் செயலாளர் 'உள்ளிட்ட பலர்' என்பதற்குள் போய்விடுகிறார். படத்திலும் வலது ஓரம் வெட்டுப்படுகிறது. அவர் எப்போதும் வலது ஓரத்தில்தான் நிற்கிறார், நிற்க விடுவது அங்கேதான். அடுத்த முறை பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குடியாத்தம்