செயலாளரின் ஆண்டறிக்கை: பணிப் பங்கீடும் மென்பொருளும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அங்கத்தவர்களே,

கடந்த நிர்வாக ஆண்டில் வாசிகசாலை, மாலை வகுப்புகள், வாணி விழா ஆகியன வழமைபோல் நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தமது அறிக்கையில் சமர்ப்பிப்பார். சங்க வேலைகளைப் பகிர்ந்தளிக்கச் செயற்றிட்ட முகாமை மென்பொருளொன்றைப் பயன்படுத்தத் தொடங்கியமையே இவ்வாண்டின் புதிய முயற்சி என்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகும்.

முன்னர் வேலைகள் யாவும் வாட்ஸ்அப் குழுவிலேயே பேசப்பட்டன. "பார்த்துக்கொள்கிறேன்" என்ற பதில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோக, யார் எதைப் பொறுப்பேற்றார் என்பதை அறியச் செயலாளர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாகச் செயற்குழு ரெட்மைன், அசானா, ட்ரெல்லோ ஆகிய மூன்று மென்பொருள்களை ஆராய்ந்தது. 2006 முதல் கிடைத்துவரும் ரெட்மைன் இலவசமானது. ஒருவருக்கு ஒவ்வொரு திட்டத்திலும் வெவ்வேறு பதவிநிலை வழங்க இடமளிப்பது. ஆயினும் அதை நிறுவிப் பராமரிக்கச் சேவையகமும் ஆளும் தேவை என்பதால் கைவிடப்பட்டது. அசானாவில் ஒரு பணிக்கு ஒருவரை மட்டுமே பொறுப்பாளராக நியமிக்க முடியும். இறுதியில், பயன்படுத்த எளிது என்பதால் ட்ரெல்லோ தெரிவுசெய்யப்பட்டது. அதன் இலவசத் திட்டத்தில் ஒரு பணிவெளியில், அதாவது குழுவொன்று சேர்ந்து பணியாற்றும் இடத்தில், 10 பேர் மட்டுமே இணையலாம். எமது செயற்குழுவோ 11 பேரைக் கொண்டது. கைபேசியில் எழுத்தைப் படிப்பது சிரமம் என்று கூறிய மூத்த உறுப்பினர் ஒருவர் தாமாகவே விலகி இடம் விட்டதால் அச்சிக்கல் தீர்ந்தது. அவருக்குரிய வேலைகளை உப செயலாளர் நேரில் தெரிவித்துவருகிறார்.

ட்ரெல்லோவில் ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டையாக எழுதப்பட்டு, 'பலகை' எனும் பொதுத் திரையில் நிரல்களாக அடுக்கப்படும். ஓர் அட்டைக்கு எத்தனை பேரையும் சேர்க்கலாம் என்பது வசதிபோல் தோன்றினும், எமது அனுபவத்தில் அதுவே இடைஞ்சலாயிற்று. மண்டபம் ஒதுக்கும் அட்டையில் மூவர் பெயர் இருந்தபோது, மற்ற இருவரில் ஒருவர் செய்வார் என்று மூவருமே நம்பியிருந்தனர். ஆகவே ஓர் அட்டைக்கு ஒரு பெயரே என்று செயற்குழு தீர்மானித்தது. உதவுவோர் அட்டையில் சேராமல் 'கவனித்தல்' வசதியை மட்டும் இயக்கி அறிவித்தல்களைப் பெறலாம். இறுதித் திகதி நெருங்கும்போது வரும் நினைவூட்டலும் அவர்களுக்குக் கிடைக்கும்.

வாணி விழாவுக்கான ஒலிபெருக்கி அனுமதி அட்டை இதற்கு நல்ல உதாரணம். முதலில் "ஒலிபெருக்கி" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்த அட்டை, "ஒலிபெருக்கி அனுமதிக் கடிதத்தைப் பொலிஸ் நிலையத்தில் கையளித்து, முத்திரையிட்ட பிரதியைப் பெறுதல்" என்று திருத்தப்பட்டது. தலைவரின் கையொப்பம், கையளிப்பு, பிரதியின் படத்தை இணைத்தல் என மூன்று படிகளும் சரிபார்ப்பு நிரலாக அதனுள் இடப்பட்டன. வேலை முடிந்ததா என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயர்ச்சொல்லை மட்டும் எழுதி வேலை கொடுக்கும் பழக்கம் எம்மில் பலரிடம் இன்னும் இருப்பதால் இதைச் சற்று விரித்துக் கூறினேன்.

மென்பொருளில் அளிக்கப்படும் உரிமை வேறு, சங்கத்தில் வகிக்கும் பதவி வேறு என்பதை விளக்கச் சில வாரங்கள் பிடித்தன. பலகையை மூடவும் உறுப்பினரை நீக்கவும் வல்ல நிர்வாகி உரிமை செயலாளருக்கும் உப செயலாளருக்கும் மட்டும் வழங்கப்பட்டது. தலைவருக்கு அது வழங்கப்படாதது மரியாதைக் குறைவா என்று கூட்டமொன்றில் வினவப்பட்டபோது, வாசிகசாலைத் திறப்பும் தம்மிடம் இல்லையே என்று தலைவரே பதிலளித்தார். பணம் சார்ந்த அட்டைகளைப் பொருளாளர் மட்டுமே 'முடிந்தது' நிரலுக்கு நகர்த்த வேண்டும் என்பது எமக்குள் வகுத்துக்கொண்ட விதியாகும். இலவசத் திட்டத்தில் மென்பொருள் அதைத் தடுக்காது.

இன்று தெரிவாகும் புதிய செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பலகையிலிருந்து ஒருவரை நீக்கினால் அவர் பெயர் அதிலுள்ள எல்லா அட்டைகளிலிருந்தும் நீங்கிவிடும். எனவே விலகுவோரை நீக்குமுன், அவர்களின் முடிவுறா அட்டைகளைப் புதியவர்களின் பெயருக்கு மாற்றி, இதுவரை நடந்ததை ஒவ்வொரு அட்டையிலும் குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். தற்போது நிலுவையில் உள்ளவற்றுள் வாசிகசாலைக் கூரைத் திருத்தமும் மாலை வகுப்புகளுக்கான கணித ஆசிரியர் நியமனமும் அவசரமானவை.

செயலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.