காசில் இருக்கும் குதிரைக்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாற்று நட்டாயிற்று. சின்ன அத்தை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். நேரத்துக்குச் சாப்பிடு.

முதல் லீவில் வந்தபோது நீ கொடுத்த டெலவர் மாநிலக் கால் டாலர் காசு, 1999இல் அடித்தது, என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதில் குதிரையில் பறக்கிறாரே சீசர் ராட்னி, அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1755இல் கென்ட் கவுண்டி ஷெரீஃப், பிறகு சட்டமன்ற சபாநாயகர். 1776 ஜூலையில் அமெரிக்க சுதந்திரத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தபோது, அங்கே இருந்த டெலவர் பிரதிநிதிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். மூன்றாவது பிரதிநிதியான இவர் இடியிலும் மழையிலும் ராத்திரியோடு ராத்திரியாகச் சுமார் 80 மைல் கடந்து ஃபிலடெல்பியா போய் ஓட்டுப் போட்டார். ஆஸ்துமாக்காரர். 1778 முதல் 1781 வரை, போர் நடக்கும்போதே, மாநிலத் தலைவர். அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால் 2020இல் உங்கள் வில்மிங்டன் சதுக்கத்திலிருந்து சிலையை எடுத்ததை நீதான் சொன்னாய். எடுத்தது சரிதான்.

அவருக்கு முகத்தில் புற்று. 1768இல் ஃபிலடெல்பியாவில் வைத்தியம் பார்த்தார். அப்புறம் பட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார் என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. காசில் இருப்பது யாரோ நினைத்து வரைந்த முகம். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஆறு வாரமாக நீ வீடியோவில் வரவில்லை. நெட் சரியில்லை என்றாய், சரி. அம்மாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் வேலையைப் பற்றி நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம்கூடச் சொல்கிறேன். நீ இரண்டு நிமிஷத்தில் போனை வைத்துவிடுகிறாய். எதற்கும் ஒரு தடவை டாக்டரைப் பார்.

அப்பாயி விஷயம் உனக்குத் தெரியாது. மாரில் கட்டி இருக்கிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். அறுப்பு முடியட்டும் என்றேன். அறுப்பு முடிந்தது, நெல் விற்றது, பொங்கலும் போயிற்று. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேலை பார்த்தாள். நான் கவனிக்காத மாதிரியே இருந்தேன். கடைசியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, இப்போதுதான் எனக்கும் தெரியும் என்று உன் அம்மாவிடமே பொய் சொன்னேன். 22 வருஷமாகிறது. இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

டாக்டரைப் பார், தம்பி. பணத்தைப் பற்றி யோசிக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வெளிச்சத்தில் உட்கார்ந்து, கேமராவைப் போட்டுக்கொண்டு பேசு.

அப்பா