சக்கரம் மேலே

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிறிய விமானம் ஒன்றை சியாட்டில் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து வாங்கப் போவதாக நீ சொன்னதும், உன் அம்மா பதில் பேசாமல் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டாள். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியில் சொல்லத் தவறியவற்றை இப்போது எழுதுகிறேன்.

ஃபுளோரிடாவுக்கு வந்த புதிதில், வின்டர் ஹேவன் ஏரிகளின்மேல் சீரே என்னும் விமானத்தில் நான் முதன்முதலாகப் பறந்தபோது நீ கைக்குழந்தை. இருவர் அருகருகே அமரும் சின்னஞ்சிறு விமானம் அது. அதன் உடலின் அடிப்பாகமே படகு. பறக்கும்போதே கண்ணாடிக் கூரையைப் பின்னுக்குத் தள்ளியதும் ஏரியின் பாசி மணம் முகத்தில் வந்து மோதியது. தரை விமானத்தில் ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறதோ அந்தத் திசையில்தான் இறங்கியாக வேண்டும். அகன்ற ஏரியிலோ அலைகளைப் பார்த்துக் காற்று வரும் திசையை அறிந்து, அதற்கு எதிர்முகமாக நாமே நமக்கொரு பாதையை வகுத்துக்கொள்கிறோம். இறங்கியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு நடு ஏரியில் மிதந்தபடி கட்டுச்சோறு உண்ட அந்தப் பகல்பொழுதுக்கு ஈடாக வேறெந்தப் பறத்தலையும் என்னால் சொல்ல முடியவில்லை. போர் முடிந்த கையோடு, 1946, 1947 ஆண்டுகளில், ரிபப்ளிக் நிறுவனம் நீரிலும் நிலத்திலும் இறங்கும் சீபீ என்னும் விமானங்களை ஆயிரத்துக்கும் மேல் கட்டியது. அவற்றுள் சிலவற்றை இன்றும் பழுது பார்த்துப் பறக்க வைத்திருக்கிறார்கள் என்றால், இந்த ஆசையின் ஆழம் உனக்குப் புரியும்.

தரை விமானத்தில் நீ பழகியவற்றில் சில இங்கே மாறும். இவ்வகை விமானங்களில் எஞ்சின் தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால், விசையைக் கூட்டினால் மூக்கு கீழ்நோக்கித் தாழும், குறைத்தால் மேலெழும். நீரில் பிரேக் கிடையாது; எஞ்சின் ஓடத் தொடங்கிய கணமே விமானமும் நகரத் தொடங்கிவிடும். காற்றில்லாத நாளில் கண்ணாடிபோல் கிடக்கும் ஏரி அழகானது. ஆனால் அதன்மேல் நாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதைத் தேர்ந்த கண்ணாலும் கணிக்க இயலாது. அப்போது கரையோரமாக வந்து, கரையை அளவுகோலாகக் கொண்டு, சிறிது விசையோடு மிக மெதுவாக இறங்கிக்கொண்டே வா; நீர் தானாக வந்து தொடும்வரை பொறுத்திரு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது சக்கரம். சக்கரத்தை இறக்காமல் தரையில் இறங்கினால் பெரும்பாலும் அடிப்பாகம் தேய்வதோடு போகும். இறக்கிய சக்கரத்தோடு நீரில் இறங்கினால் அது நீரில் சிக்கி விமானமே தலைகுப்புறக் கவிழ்ந்துவிடக்கூடும். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, சக்கரத்தை மடக்க மறந்து, ஏரியின்மேல் வெகுதாழ்வாக வந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் விசையை முடுக்கி மேலே தூக்கியிராவிட்டால் இக்கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஐயமே. அன்றுமுதல் ஒவ்வொரு முறையும், தனியாகப் பறந்தாலும், "இது நீர், சக்கரம் மேலே" என்றோ "இது தரை, சக்கரம் கீழே" என்றோ கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

உங்கள் ஊர்க் கடல்நீரின் உப்பு விமானத்தின் உலோகத்தை அரிக்கும். கடலில் இறங்கிய நாள்தோறும் நன்னீரால் கழுவிவிடுங்கள்.

தரை விமான உரிமம் உன்னிடம் இருப்பதால், நீர் விமானத் தகுதிக்கு மறுபடி எழுத்துத் தேர்வு கிடையாது. குறைந்தபட்ச மணிக்கணக்கும் விதியில் இல்லை. ஆனாலும் அவசரப்படாதே. மார்ச்சில் விடுப்பு கிடைத்தால் இங்கே வந்து கற்றுக்கொள். தேர்வு முடிந்தபின் என்னை ஒருமுறை ஏரிக்கு அழைத்துப் போ. பக்கத்து இருக்கையில் நான் வாய் திறக்காமல் இருப்பேன், சக்கரத்தைப் பற்றி நீ உரக்கச் சொல்வதைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா