பேசுபவர் கொடுத்த வாக்கு உங்கள் எல்லோருடைய வாக்கு

மதிப்பிற்குரிய காவல்துறை உயரதிகாரிகளுக்கு,

வணக்கம். சாகத் துணிந்து நிற்பவரோடும், யாரையோ பிடித்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவரோடும் உங்கள் அதிகாரி பேசும்போது பக்கத்தில் உட்காரும் மனநல ஆலோசகர்களில் நானும் ஒருத்தி. போனில் பேசுபவர் கொடுக்கும் வாக்கை மொத்தப் படையும் காப்பாற்ற வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பணயக்கைதிகளை மீட்கப்போய் நேர்ந்த பேரழிவுக்குப் பிறகுதான், நியூயார்க் காவல்துறையில் ஃபிராங்க் போல்ஸும், உளவியல் படித்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க்கும் பேச்சுவார்த்தைக்கென்றே தனிக் குழுவை உருவாக்கினார்கள். அவசரப்படாமல் நேரத்தை இழுப்பதுதான் அவர்கள் வழி. நேரம் போகப்போக ஆத்திரம் அடங்கும், அசதி வரும், உள்ளே இருப்பவர் பேச ஆரம்பிப்பார்.

அந்தப் பேச்சைப் பெரும்பாலும் நாங்கள் பேசுவதில்லை. கேட்கிறோம், துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறோம். "அம்மா என்றதும் குரல் இறுகுகிறது. அந்தப் பேச்சு வேண்டாம்." கொஞ்சம் கழித்து இன்னொன்று: "சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்." இந்தச் சீட்டைப் பார்த்ததும் பல அதிகாரிகள் தயங்குவார்கள், கேட்டால் நாமே தூண்டிவிட்டதாகிவிடுமோ என்று. அப்படி ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். சொந்தக்காரர்களை அழைத்துவந்து மைக்கைக் கொடுப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன். அவர்களுக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் அதைச் செய்யவே கூடாது.

1993-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வேக்கோ நகருக்கு அருகே ஒரு மதக் குழுவினர் தங்கியிருந்த வளாகத்தைச் சுற்றி 51 நாள் நீடித்த முற்றுகையை நினைத்துப் பாருங்கள். பேசிப் பேசியே 35 பேரை வெளியே கொண்டுவந்தார்கள் எஃப்.பி.ஐ. பேச்சுவார்த்தையாளர்கள். ஆனால் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தபோதே இன்னொரு பிரிவு மின்சாரத்தைத் துண்டித்தது, இரவெல்லாம் ஒலிபெருக்கியை அலறவிட்டது. போனில் ஒருவர் நல்லதனமாகப் பேச, வெளியே வேறொன்று நடந்தால் உள்ளே இருப்பவர் எதை நம்புவார்? கடைசி நாளில் 70-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் சொல் ஒன்று செயல் ஒன்று என்று ஆனது அவற்றில் சின்னக் காரணமில்லை.

"வெளியே வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம்" என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மனநெருக்கடியில் இருப்பவர்களைக் கையாள 1988-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய திட்டத்தில், காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சியோடு, அவர்கள் அழைத்துவருபவரை உடனே சேர்த்துக்கொள்ள ஒரு மனநல மையத்தையும் ஏற்பாடு செய்தார்கள். பாதுகாப்புக்காக விலங்கு போடத்தான் வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: "வெளியே வந்ததும் கையில் விலங்கு போடுவாங்க. நான் பக்கத்திலேயே இருப்பேன்." சொல்லாமல் தரையில் தள்ளி அமுக்கினால், அடுத்த முறை அவர் போனையே எடுக்கமாட்டார்.

ஆகவே, பேசுபவருக்குத் தெரியாமல் விளக்கை அணைப்பதோ படையை நகர்த்துவதோ கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். கட்டளையிடுபவரும் பேசுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். எல்லாம் கைமீறிய பிறகு கூப்பிடாமல் முதல் அழைப்பிலேயே எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பேசியும் சில உயிர்கள் போய்விடுகின்றன. கடைசிவரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியை மறுநாள் காலையிலேயே அடுத்த வேலைக்கு அனுப்பாதீர்கள். அவரோடும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்களோடு பணியாற்றும் மனநல ஆலோசகர் ஒருத்தி