சோண்ட்ஹைம் கட்டுரைக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்க இசைநாடகப் படைப்பாளி ஸ்டீபன் சோண்ட்ஹைமின் (1930–2021) புதிர்ப் பித்தைப் பற்றி நான் எழுதிவந்த நெடுங்கட்டுரை சென்ற வாரம் நிறைவுற்றது. அதில் என் உழைப்பைவிடப் பிறர் உழைப்பே மிகுதி என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, 'நியூயார்க்' வார இதழின் பழைய பிரதிகளைத் தேடித் தந்த நூலகருக்கு. 1968 ஏப்ரலில் அவ்விதழ் தொடங்கியபோதே சோண்ட்ஹைமின் குறுக்கெழுத்துப் புதிரும் அதில் தொடங்கியது. சொல்லுக்குப் பொருள் கேட்பதோடு நின்றுவிடும் அமெரிக்கப் புதிர்கள் அவருக்கு உவப்பானவையல்ல. ஒருபுறம் நேர்ப்பொருளையும் மறுபுறம் எழுத்து விளையாட்டையும் ஒளித்துவைத்து, மேலுக்கு வேறெதையோ சொல்வதுபோல் நடிக்கும் பிரிட்டிஷ் பாணிக் குறிப்புகளையே அவர் விரும்பினார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைநாடகத்துக்குப் பாடல் எழுதிய நாட்களில், லண்டன் 'லிஸனர்' இதழின் புதிரை அதன் இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனோடு சேர்ந்து அவிழ்ப்பதும் அவர் வழக்கமாயிருந்தது.

இந்தப் பாணியைத் தமிழில் விளக்க வழி தெரியாமல் பல நாள் திணறினேன். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகத்தின் சிலேடையிலிருந்து தொடங்கச் சொன்னவர் என் தமிழாசிரியர். சிலேடையில் இரு பொருளும் மெய். புதிர்க் குறிப்பிலோ முதலில் தோன்றும் பொருள் வாசகரை ஏய்ப்பதற்கென்றே வைக்கப்பட்டது என்னும் வேறுபாட்டையும் அவரே எடுத்துக்காட்டினார். கட்டுரையில் யாரேனும் பாராட்டும் பத்தி ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பாராட்டு ஐயாவுக்கே உரியது.

இப்பாணிப் புதிரை அமெரிக்காவில் முதன்முதலாக வெளியிட்டவர் சோண்ட்ஹைமே என்று முதல் வரைவில் துணிந்து எழுதியிருந்தேன். 'தி நேஷன்' இதழில் அது அதற்கு வெகு முன்பே வந்துகொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, என்னைத் தலைகுனிவிலிருந்து காத்த நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

நடிகர் ஆண்டனி பெர்கின்ஸோடு சேர்ந்து சோண்ட்ஹைம் நண்பர்களுக்காக நடத்திய புதையல் வேட்டைகளும், அவற்றிலிருந்து பிறந்து இருவரும் இணைந்து எழுதிய 'தி லாஸ்ட் ஆஃப் ஷீலா' (1973) திரைப்படமும் கட்டுரையின் பிற்பகுதியில் இடம்பெறுகின்றன. அப்படத்தை என்னோடு மும்முறை பார்த்து, எந்தக் காட்சியில் எந்தத் துப்பு ஒளிந்திருக்கிறதென்று குறித்துத் தந்த தங்கைக்கு நன்றி. (கொலையாளி யாரென்று முதன்முறையே கண்டுபிடித்துவிட்டதாக அவள் சொல்வதை நான் இன்னும் நம்பவில்லை.)

மெய்ப்புத் திருத்திய இரு தோழியருக்கும், அச்சுக்கு முந்தைய இரவிலும் கட்டங்களைத் திருத்தி வரைந்துதந்த ஓவியருக்கும் என் வணக்கம்.

நன்றியுடன்,
கட்டுரையாளர்