பிப்ரவரி பனிச்சறுக்குப் பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் மணாலிக்கு அழைத்துப் போய், சோலாங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குக் கற்றுத்தர இருக்கிறோம். பாதி விஷயத்தைப் பிள்ளைகளே வீட்டில் சொல்லியிருப்பார்கள். மீதியை எழுதுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் உடல்நிலையையும் வீட்டின் பண நிலைமையையும் எங்களிடம் மறைக்காதீர்கள். சொன்ன காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் ஒதுக்க மாட்டோம்.

“நம்ம ஊட்டியிலேயே பனி கொட்டுதே, டீச்சர், அவ்வளவு தூரம் எதுக்கு?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே நாம் பார்ப்பது உறைபனி, வானத்திலிருந்து கொட்டும் பனி அல்ல. பனிக்காலம் முதலில் நீர்ப்பனியாக, அதாவது புல்லில் பனித்துளியாகத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் தரை சூட்டை இழந்து, குளிர்காற்று பள்ளமான இடங்களில் தேங்கும்போது, தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெளுத்துவிடும். வெயில் ஏறியதும் கரைந்துவிடும், தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டு. சோலாங்கின் உயரமும் ஏறக்குறைய நம் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரை ஒட்டியதுதான். ஆனால் நாம் இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில், மணாலி இருப்பது 32 டிகிரியில். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேகங்கள் இமயமலையில் தடுக்கப்பட்டு அங்கே பனியாகக் கொட்டுகின்றன. புவியியல் பாடத்தில் படம் போட்டுக் காட்டுவதைப் பிள்ளைகள் காலால் மிதித்துப் பார்க்கட்டும் என்பது என் ஆசை.

அரையாண்டு விடுமுறையில் போகலாமே என்ற யோசனையும் வந்தது. டிசம்பரில் சோலாங்கில் சறுக்கும் அளவுக்குப் பனி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. புத்தாண்டுக் கூட்டம் வேறு. ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும்தான் சரியான காலம். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் ஒன்பதாம் வகுப்பை மட்டும் அழைத்துப் போகிறோம். தவறும் பாடங்களைப் பயணத்துக்கு முன்பே சனிக்கிழமைகளில் நடத்திவிடுவோம்.

கோவையிலிருந்து டெல்லி வரை ரயில், பிறகு சண்டிகருக்கு ரயில், அங்கிருந்து மணாலிக்குப் பேருந்து. இரவில் மலைப்பாதையில் பேருந்து ஓடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு நாள் கூடுதலாகச் செலவானாலும் பகலில்தான் மலை ஏறுவோம். பனியால் சாலை அடைபடலாம் என்பதால் திரும்பும் கணக்கிலும் ஒரு நாளைச் சேர்த்தே வைத்திருக்கிறோம்.

சறுக்குவதைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் பாடமே விழுவதுதான். முன்னாலோ பின்னாலோ சாயாமல் பக்கவாட்டில் உட்காருவது போல விழப் பழக்குவார்கள். அடுத்தது, இரண்டு பலகைகளின் முனைகளையும் நெருக்கி, குதிகால்களை அகட்டி, வேகத்தைக் குறைத்து நிற்பது. இது கைவரும்வரை யாரும் சரிவில் ஏறப்போவதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் பலகையில் கால் வைக்கக்கூடாது.

பூட்ஸ் விஷயம் முக்கியம். வளரும் பிள்ளை என்று பள்ளி ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். பனிச்சறுக்கு பூட்ஸுக்கு அது ஆகாது. நேராக நின்றால் கால்விரல் நுனி லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக்கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். முழங்கால்வரை வரும் ஒரு கம்பளி சாக்ஸ் போதும். பூட்ஸ், பலகை, தண்ணீர் புகாத மேலாடை, கால்சட்டை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒன்றையும் விலைக்கு வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர், குல்லா, தெர்மல் உள்ளாடை, இரண்டு ஜோடி கையுறை போதும். ஜீன்ஸ் கண்டிப்பாக வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். புதுப்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும் என்பதால், கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சிவந்து எரியும். அந்தக் கண்ணாடிகளைப் பள்ளியே தருகிறது.

இனி உடல்நிலை. நம் பிள்ளைகளில் பலருக்கு வீசிங் உண்டு. சொன்னால் கூட்டிப்போக மாட்டார்கள் என்று நினைத்து மறைத்துவிடாதீர்கள். வறண்ட குளிர்காற்று இழுப்பைத் தூண்டும். எங்களுக்குத் தெரிந்திருந்தால் அதற்கு வழி செய்வோம். இன்ஹேலர் பையில் கிடந்து சில்லிட்டுப் போனால் சரியாக மருந்து தெளிக்காது, உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் இருக்க வேண்டும். இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் பிள்ளையைக் காப்பாற்றும்.

நம் மாவட்டத்தில், குறிப்பாகப் பழங்குடிக் குடும்பங்களில், அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த நோய் உள்ள பிள்ளைக்குக் கடுங்குளிர், உயரம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது மூன்றுமே தாங்க முடியாத வலியைக் கொண்டுவரக் கூடியவை. பரிசோதனை அட்டை இருந்தால் என்னிடம் மட்டும் காட்டுங்கள். மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடப்போம். அவர் வேண்டாம் என்றால், அந்தப் பிள்ளைக்கு மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. மாதவிடாய் நாள் வந்துவிடுமோ என்று பெண் பிள்ளைகள் தயங்க வேண்டாம். உடன் வரும் ஆசிரியைகளிடம் தேவையானது எல்லாம் இருக்கும்.

பணத்துக்கு வருகிறேன். இந்தப் பயணத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள். குழுவில் கடன் எடுக்காதீர்கள், சீட்டைத் தள்ளி எடுக்காதீர்கள். தோட்டத்தில் பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத நேரம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தவணையாகக் கட்டலாம். அதுவும் முடியாதவர்கள் அலுவலகத்துக்குப் போகாமல் நேராக என் அறைக்கு வாருங்கள். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்கோ மற்ற பெற்றோருக்கோ தெரியவராது. பணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்க விடமாட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை 10.30 மணிக்குப் பள்ளி அரங்கில் பெற்றோர் கூட்டம். கட்டணத்தையும் பயண நாட்களையும் அங்கே சொல்கிறோம். அம்மா அப்பா இருவரும் வர முடியாவிட்டால் தாத்தா பாட்டி யாராவது வாருங்கள். இத்துடன் உள்ள உடல்நலப் படிவத்தை நிரப்பி, மூடிய உறையில் வைத்துக் கொண்டு வரவும். எழுதச் சிரமமாக இருந்தால் வெறும் படிவத்தோடு வாருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை
உதகமண்டலம்